பெரியப்பா முகத்தில் பனி: கேமரா மோடுகளும் டெப்த்தும்

என் சித்தி மகள் கல்யாணத்தில் நான்தான் படம் எடுத்தேன். காசு வாங்கிக்கொண்டு எடுக்கும் அளவுக்கு அப்போது தேறியிருக்கவில்லை. "நம்ம பையன்கிட்டதான் கேமரா இருக்கே" என்று வீட்டார் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், டயல் பி மோடில். முகூர்த்தம் முடிந்து மேடையில் நாலு பேர் உட்கார, நாலு பேர் பின்னால் நிற்க, நான் நாலு மீட்டர் தள்ளி நின்று பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் வைத்து அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்தேன். பின்திரையில் இரண்டும் பளிச்சென்று இருந்தன. முதல் படத்தில் மடியிலிருந்த குழந்தை கண்ணை மூடிவிட்டது. அதனால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து 12×18 அங்குல ஆல்பத்தில் முழுப் பக்கத்துக்குக் கொடுத்தோம். ஆல்பம் வந்த அன்று மாப்பிள்ளையின் பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்தார். "ஏம்ப்பா, என் மூஞ்சியில மட்டும் பனி பெஞ்சிருக்கு?" என்றார்.

முன்வரிசை ஷார்ப்பாக இருந்தது. பின்வரிசை நாலு பேரும் சோப்பு நுரைக்குப் பின்னால் நிற்பது போல இருந்தார்கள். ராத்திரி கம்ப்யூட்டரில் இரண்டு படங்களின் விவரத்தையும் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முதல் படம் எஃப் 5.6-இல் எடுத்தது, இரண்டாவது எஃப் 1.8-இல். நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று. வீடியோக்காரர் தன் விளக்கை அணைத்துவிட்டு டிபன் சாப்பிடப் போனார். வெளிச்சம் குறைந்ததும் பி மோடில் இருந்த கேமரா, என்னைக் கேட்காமல், லென்ஸின் துளையை முழுசாகத் திறந்துகொண்டது. படத்துக்கு வெளிச்சம் கிடைத்தது, பெரியப்பா போய்விட்டார்.

கேமரா டயலில் இருக்கும் எழுத்துகளைப் பற்றி எத்தனையோ பாடங்கள் உண்டு. ஆரம்பக்காரனுக்கு ஆட்டோ, கொஞ்சம் தேறினால் பி, பிறகு ஏ, கடைசியில் 'மேனுவல்' என்று ஏணி போலச் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அந்த ஏணியில் நம்பிக்கை இல்லை. டெப்த் என்ற ஒரு விஷயத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் எல்லா மோடுகளும் ஒரே கேள்விக்கான வேறு வேறு பதில்கள்தாம். எது தெளிவாக இருக்க வேண்டும், எது கரைய வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது, நீங்களா, கேமராவா?

பாடப் புத்தகத் தமிழில் இதைப் புல ஆழம் என்பார்கள். ஸ்டூடியோவில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, 'டெப்த்' என்பதோடு சரி. லென்ஸ் ஒரே ஒரு தூரத்தைத்தான் உண்மையில் துல்லியமாகக் குவிக்கும். அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் சென்சாரில் ஒரு சின்ன வட்டமாக விழுகிறது. அந்த வட்டம் கண்ணுக்குப் புள்ளியாகவே தோன்றும் வரை 'ஷார்ப்' என்கிறோம், வட்டமென்று தெரியத் தொடங்கியதும் 'அவுட்' என்கிறோம். ஆக டெப்த்தின் எல்லை கண்ணாடியில் இல்லை, நம் கண்ணின் சலுகையில் இருக்கிறது. அந்தச் சலுகைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 36×24 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் சென்சாருக்கு 0.03 மி.மீ. வட்டம் வரை மன்னிப்பு, ஏபிஎஸ்-சி சென்சாருக்குச் சுமார் 0.02. ஏறத்தாழ 8×10 அங்குலத்தில் அச்சடித்த படத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும் சராசரிக் கண்ணை வைத்து வந்த எண் இது.

என் ஆல்பத்தின் கதை இந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது. பின்வரிசை முன்வரிசைக்கு 70 செ.மீ. பின்னால் இருந்தது. எஃப் 1.8-இல் பெரியப்பாவின் முகத்துப் புள்ளி ஒவ்வொன்றும் சென்சாரில் 0.05 மி.மீ. வட்டமாக விழுந்திருக்கும். கேமராவின் மூன்று அங்குலத் திரையில் அது 0.15 மி.மீ.கூட வராது. அந்தத் திரையில் பெரியப்பா ஷார்ப்பாகத்தான் தெரிவார், தெரிந்தார். 12×18 அச்சில் ஏறத்தாழ இருபது மடங்கு பெரிதாகும்போது அதே வட்டம் ஒரு மில்லிமீட்டர். அந்த அச்சில் அவர் முகத்தின் அகலமே நாலு செ.மீ.க்கும் குறைவு. அதன் மேல் ஒரு மில்லிமீட்டர் பூச்சு என்றால் கண்ணிமை, மீசை நரை எல்லாம் கரைந்துபோகும். அவர் பனி என்றது சரியான சொல்.

அதே இடம், அதே லென்ஸ் என்றால் கணக்கு இப்படி வரும். எஃப் 1.8-இல் முன்னும் பின்னுமாக மொத்தம் சுமார் 46 செ.மீ. தெளிவு, அதில் ஃபோகஸுக்குப் பின்னால் கிடைப்பது 24 செ.மீ.தான். எஃப் 5.6-இல் பின்னால் மட்டும் 86 செ.மீ., எஃப் 8-இல் 1.35 மீட்டர். 70 செ.மீ. பின்னால் நிற்கிறவருக்கு எஃப் 5.6 போதும், எஃப் 8 தாராளம். இங்கே ஒரு பழைய சூத்திரத்தையும் தட்டிவிட வேண்டும். தெளிவில் மூன்றில் ஒரு பங்கு முன்னால், இரண்டு பங்கு பின்னால் என்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்வார்கள். மேலே பாருங்கள்: எஃப் 1.8-இல் முன்னால் 22, பின்னால் 24. கிட்டத்தட்டச் சரிபாதி. ஒன்றுக்கு இரண்டு என்ற பங்கு ஒரே ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் சரியாக வரும். கிட்டத்தில் போகப் போகப் பங்கு சமமாகும், தூரம் போகப் போகப் பின்பக்கம் முடிவில்லாமல் நீளும். சூத்திரத்தை நம்பி முன்வரிசையில் ஃபோகஸ் வைப்பவன் என்னைப் போலவே மாட்டிக்கொள்வான்.

டெப்த்தை ஆட்டுவிக்கும் பிடிகள் துளை, தூரம், லென்ஸின் குவியத் தூரம், சென்சார் அளவு. டயல் இவற்றில் துளையை மட்டும்தான் தொடும். இதை மறந்துவிட்டு மோடு மோடாகத் திருகுகிறவர்கள் ஏராளம்.

துளைக்கு எண் குறிக்கும் முறை புதியவர்களைக் குழப்பும். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று போகும் வரிசையில் எண் கூடக் கூடத் துளை சிறுக்கிறது. காரணம், அது ஒரு வகுத்தல். குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். ஒரு படி ஏறினால் வெளிச்சம் பாதியாகும், தெளிவின் ஆழம் சுமார் ஒன்றரை மடங்காகும். தூரத்தின் கை இன்னும் ஓங்கியது. பாதித் தூரம் நெருங்கினால் டெப்த் நாலில் ஒரு பங்காகச் சுருங்கும். எஃப் 4-இலிருந்து எஃப் 8-க்குப் போய் ஆழத்தை இரட்டிப்பாக்கியவர், ஒரு ஆர்வத்தில் ஓரடி முன்னால் வைத்தால் சம்பாதித்ததில் பாதியை அங்கேயே இழக்கலாம். மண்டபத்தில் கேமராக்காரரின் கால்தான் முதல் டயல்.

குவியத் தூரம் பற்றி ஒரு நல்ல சச்சரவு உண்டு. "டெலி லென்ஸ் போட்டால் டெப்த் குறையும்" என்பார் ஒருவர், "முகம் ஒரே அளவில் வரும்படி எடுத்தால் குறையாது" என்பார் இன்னொருவர். இருவரும் பாதி சரி. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸோடு இரண்டு மீட்டரில் நின்று எஃப் 4-இல் எடுத்தால் தெளிவு சுமார் 38 செ.மீ. 100 மி.மீ. மாட்டி, நாலு மீட்டருக்குப் பின்வாங்கி, அதே எஃப் 4-இல் எடுத்தாலும் 38 செ.மீ.தான். ஆனால் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டாவதில் பின்னணி இருமடங்கு கரைந்திருக்கும். தெளிவின் ஆழம் ஒன்று, பின்னணி எவ்வளவு கரைகிறது என்பது வேறொன்று. 'டெப்த்' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் சச்சரவு.

பின்னணி கரைவதற்கு எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. மிகத் தொலைவில் இருக்கும் ஒரு விளக்குப் புள்ளி படத்தில் எவ்வளவு பெரிய வட்டமாக விரியும் தெரியுமா? நீங்கள் ஃபோகஸ் வைத்த முகத்தின் பக்கத்தில் லென்ஸ் துளையின் அளவுக்கே ஒரு வில்லையைப் பிடித்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் துளை 28 மி.மீ. நம் பத்து ரூபாய்க் காசின் விட்டம் 27. ஆக மண்டபத்துக்கு வெளியே தூரத்துத் தெருவில் தொங்கும் சீரியல் பல்பு ஒவ்வொன்றும் பெண்ணின் கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் காசாக விரியும். கேமராவோடு வரும் 18–55 கிட் லென்ஸை 18-இல் வைத்து எஃப் 3.5 திறந்தால் துளை ஐந்து மி.மீ., அதாவது ஒரு மிளகு. மிளகை வைத்துக்கொண்டு எந்த மோடில் என்ன திருகினாலும் காசு வராது. "ஏ மோடுல வச்சும் பின்னாடி ப்ளர் ஆகலைண்ணே" என்று என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த மிளகுக் கதையைத்தான். சொல்லிவிட்டு, அதே லென்ஸை 55-க்குத் தள்ளி, ஆளைச் சுவரிலிருந்து பத்தடி முன்னால் நிறுத்தச் சொல்வேன். மிளகு இப்போது ஒரு சென்டிமீட்டர்ப் பட்டாணி. அதுவே பெரிய வித்தியாசம்.

இனி டயலுக்கு வரலாம். ஆட்டோவில் எல்லாம் கேமராவின் பொறுப்பு, சொல்ல அதிகமில்லை. அதற்கு அடுத்து இருக்கும் சின்னச் சின்னப் படங்களை எல்லாரும் கேலி செய்வார்கள், எனக்கு அவற்றின் மேல் கொஞ்சம் மரியாதை உண்டு. பெண் முகம் போட்ட போர்ட்ரெய்ட் மோடு துளையைத் திறக்கப் பார்க்கும். மலை போட்ட லேண்ட்ஸ்கேப் சுருக்கப் பார்க்கும். ஓடுகிறவன் படம் ஷட்டரை வேகமாக்கும். எஃப் எண் என்னவென்றே தெரியாதவரிடம் "உனக்கு முகம் வேண்டுமா, மலை வேண்டுமா" என்று கேட்பது நியாயமான கேள்விதானே. பூப் படம் போட்ட க்ளோசப் மோடுதான் ஏமாற்று. அதைப் போட்டதும் சாதாரண லென்ஸ் மேக்ரோ லென்ஸாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆகாது. பின்னால் வந்த கேமராக்கள் இந்தக் கேள்வியை இன்னும் நேராகவே கேட்டன. கேனான் 2008-இல் 50டி-யில் கொண்டுவந்த கிரியேட்டிவ் ஆட்டோவில், பின்னணி கரையட்டுமா தெளியட்டுமா என்று ஒரு கோட்டின் மேல் நகர்த்தினால் போதும். 2010-இல் வந்த சோனி நெக்ஸ் கேமராக்களில் அதையே ஒரு சக்கரத்தில் வைத்தார்கள். எண்ணே கண்ணில் படாத அபெர்ச்சர் அது.

பி மோடு, அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு நான் பேசக் கூசும் மோடு. ஆனால் குற்றம் அதன்மேல் இல்லை. பி-யில் கேமரா துளையையும் ஷட்டரையும் ஜோடியாகத் தேர்ந்தெடுக்கும். சக்கரத்தைத் திருப்பினால் ஜோடியை மாற்றிக்கொள்ளலாம், வெளிச்சம் அதேதான் இருக்கும். டெப்த் தெரிந்தவன் கையில் பி-யும் ஏ-யும் ஒன்றுதான். சிக்கல் எங்கே என்றால், வெளிச்சம் மாறினால் நீங்கள் தேர்ந்த ஜோடியைக் கேமரா மாற்றிவிடும். அதன் முதல் கவலை கை நடுங்கிப் படம் ஆடிவிடக் கூடாது என்பது. இருட்டினால் முதலில் துளையைத் திறக்கும். பெரியப்பா அதன் கவலைப் பட்டியலில் கிடையாது.

துளையா, ஷட்டரா, மனிதன் கையில் எது இருக்க வேண்டும் என்ற சண்டை ஃபிலிம் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1965-இல் கோனிகா தன் ஆட்டோ ரிஃப்ளெக்ஸில் ஷட்டரை மனிதனுக்குக் கொடுத்து, துளையைக் கேமராவிடம் விட்டது. 1971-இல் அசாஹி பென்டாக்ஸின் எலக்ட்ரோ ஸ்பாட்மேட்டிக் அதைத் திருப்பிப் போட்டது: துளை மனிதனுக்கு, ஷட்டர் கேமராவுக்கு. 1976-இல் வந்து லட்சக்கணக்கில் விற்ற கேனான் ஏஇ-1 மறுபடி ஷட்டர் பக்கம் சாய்ந்தது. அடுத்த வருடமே மினோல்டா எக்ஸ்டி-7 இரண்டையும் ஒரே உடம்பில் வைத்தது. 1978-இல் கேனான் ஏ-1 அவற்றோடு பி-யையும் சேர்க்க, இன்று நாம் திருகும் டயல் அங்கேயே ஏறத்தாழ முடிந்துவிட்டது. பிறகு வந்த நாற்பது சொச்சம் வருடங்களில் அந்த நாலு எழுத்துக்கு மேல் பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. கேனான் ஏ-யை ஏவி என்றும் எஸ்-ஐ டிவி என்றும் எழுதும். டிவி என்றால் டைம் வேல்யூ. கேமராவைத் தொலைக்காட்சியில் இணைக்கும் மோடு என்று நினைத்து அதைத் தொடாமலே வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

டெப்த்துக்கென்று இருப்பது ஏ மோடு. நீங்கள் எஃப் எண்ணைச் சொன்னால் கேமரா ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும். விளக்கு அணைந்தாலும் உங்கள் எஃப் 5.6 எஃப் 5.6-ஆகவே இருக்கும். விலை வேறிடத்தில் வரும்: ஷட்டர் 1/15-க்கு இறங்கிப் பெரியப்பா தலையாட்டியதில் முகம் இழுபடலாம். இதற்கு டிஜிட்டல் தந்த மருந்து ஆட்டோ ஐஎஸ்ஓ. "ஷட்டர் 1/125-க்குக் கீழே போகாதே, போகப் பார்த்தால் ஐஎஸ்ஓவை ஏற்று" என்று மெனுவில் ஒருமுறை சொல்லி வைத்தால் ஏ மோடின் பெரிய ஓட்டை அடைபடும். ஃபிலிம் காலத்தில் ரோலை மாற்றாமல் ஐஎஸ்ஓவை மாற்ற வழி இல்லை, ஆகவே துளையும் ஷட்டரும் ஒன்றையொன்று தின்றுதான் வாழ்ந்தன. மூன்றாவது ஆள் வந்ததும் டெப்த்துக்கு விடுதலை கிடைத்தது. டிஜிட்டல் கேமராவின் பெரிய கொடை மெகாபிக்சல் இல்லை, இதுதான் என்பேன்.

எஸ் மோடில் டெப்த் ஒரு எச்சம், ஷட்டர் தின்றது போக மீதி. வேடந்தாங்கலில் மஞ்சள் மூக்கு நாரை இறக்கை விரித்து இறங்குவதை 1/2000-இல் பிடிக்கிறவருக்குக் காலை வெளிச்சத்தில் துளை எப்படியும் முழுசாகத் திறந்துதான் இருக்கும். ஆனால் 400 மி.மீ. எஃப் 5.6 லென்ஸை ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டினால் இருபது மீட்டரில் 56 செ.மீ. தெளிவு கிடைக்கிறது. பக்கவாட்டில் நிற்கும் பறவைக்கு அது போதும். அதே பறவை எட்டு மீட்டருக்கு வந்துவிட்டால் ஒன்பது செ.மீ., அப்போது அலகா கண்ணா என்று முடிவு செய்தாக வேண்டும்.

எம் மோடைப் பற்றி ஒரு பெருமை உலவுகிறது. "நான் ஃபுல் மேனுவல்தான்" என்று சொல்வதில் ஒரு மீசை முறுக்கு. ஸ்டூடியோவில், நிலையான விளக்கில், ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது எம் அவசியம், மறுக்கவில்லை. வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் மண்டபத்தில் எம்-இல் ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டுத் துளை, ஷட்டர் இரண்டையும் கட்டிப்போடுவது நல்ல வழி. ஆனால் அதை மேனுவல் என்று சொல்லிக்கொள்வது, குக்கரில் சோறு வைத்துவிட்டு விறகடுப்புச் சமையல் என்பது போல. வெளிச்சத்தைக் கேமராதான் பார்த்துக்கொள்கிறது. கேனான் 2018-இல் ஈஓஎஸ் ஆர்-இல் சேர்த்த எஃப்வி மோடு இதை ஒப்புக்கொண்டு, எதை நீங்கள் பிடிக்கிறீர்கள், எதை என்னிடம் விடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-டி5 போன்ற கேமராக்களில் இந்த எழுத்து டயலே கிடையாது. லென்ஸில் துளை வளையம், மேலே ஷட்டர் டயல். எதை 'ஏ' என்ற இடத்தில் வைக்கிறீர்களோ அது கேமராவின் பொறுப்பு. எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

இத்தனை மோடுகளில் டெப்த்தை டெப்த்தாகவே கேட்ட மோடு ஒன்றுதான் இருந்தது, அது செத்துவிட்டது. 1987-இல் வந்த கேனான் ஈஓஎஸ் 650 என்ற ஃபிலிம் கேமராவில் டெப் என்று ஒரு மோடு. முதலில் தெளிவாக வேண்டிய கிட்டத்துப் பொருளில் ஃபோகஸ் வைத்துப் பட்டனைப் பாதி அழுத்துவீர்கள், திரையில் 'டெப் 1' என்று வரும். அடுத்து தூரத்துப் பொருளில் வைத்து அழுத்தினால் 'டெப் 2'. மூன்றாவது முறை அழுத்தும்போது, இரண்டும் தெளிவாக எங்கே ஃபோகஸ் வைக்க வேண்டும், எந்தத் துளை வேண்டும் என்று கேமராவே கணக்குப் போட்டு வைத்திருக்கும். முன்வரிசை ஒரு அழுத்து, பெரியப்பா ஒரு அழுத்து, முடிந்தது. எஃப் எண்ணைப் பற்றி நீங்கள் நினைக்கவே வேண்டாம், எவரெவர் தெளிவாக வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். பிறகு இதை எளிமையாக்குகிறேன் என்று ஏ-டெப் ஆக்கினார்கள். எது முன், எது பின் என்று ஃபோகஸ் புள்ளிகளே கண்டுபிடித்துக்கொள்ளும். 2003-இன் 300டி-யிலும் அது இருந்தது. கண்டுபிடிப்பதைக் கேமராவிடம் விட்டதுமே மோடின் உயிர் போய்விட்டது என்று எனக்குப் படும். அத்தனை புள்ளிகளில் எது பெரியப்பாவின் மேல் விழும் என்று யாருக்குத் தெரியும்? 2012-இன் 650டி-யில் அது இல்லை, வருத்தப்பட்டவர்களும் அதிகமில்லை. இன்றைய மிரர்லெஸ் கேமரா, கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகக் கண்டுபிடித்துச் சட்டம் போட்டுக் காட்டுகிறது. முதல் கண்ணிலிருந்து கடைசிக் கண் வரை தெளிவாகும் துளையைப் போடு என்று அதனிடம் சொல்ல ஒரு பொத்தான் வைக்க எவ்வளவு நேரமாகும்? 1987-இல் முடிந்தது இன்று ஏன் டயலில் இல்லை என்று நான் இன்னும் முனகிக்கொண்டிருக்கிறேன்.

ஆழம் வேண்டுமென்றால் எஃப் 22-க்குப் போய்விட்டால் என்ன என்று கேட்கலாம். போகலாம், ஆனால் ஒளிக்கு அலைக் குணம் உண்டு. சின்னத் துளை வழியே பிதுங்கும்போது ஒவ்வொரு புள்ளியும் தானாகவே ஒரு வட்டமாகச் சிதறும். பச்சை ஒளிக்கு அந்த வட்டம் எஃப் 8-இல் சுமார் 11 மைக்ரான், எஃப் 22-இல் 30. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சல் நாலு மைக்ரான்கூட இல்லை. அதாவது எஃப் 22-இல் கிட்டம் தூரம் எல்லாம் ஒரே அளவில் தெளிவாக இருக்கும், ஒரே அளவில் கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும். மதுரை திருமலை நாயக்கர் மகாலின் தூண் வரிசையில் நின்று எஃப் 8, எஃப் 11, எஃப் 22 என்று மூன்று படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். எஃப் 22-இல் நடுத் தூணின் சுண்ணாம்புச் சொரசொரப்பு வழவழப்பாகியிருக்கும். கிட் லென்ஸை 18-இல் வைத்து, எஃப் 8 போட்டு, இரண்டு மீட்டரில் ஃபோகஸ் வைத்தாலே ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவு கிடைத்துவிடுகிறது. எஃப் 22 எதற்கு?

எஃப் 64 என்றே பெயர் வைத்துக்கொண்ட குழு ஒன்று இருந்ததே என்று நினைவுக்கு வரலாம். 1932-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்டு வெஸ்டன், இமொஜென் கன்னிங்ஹாம் முதலியோர் கூடி, மங்கலான 'கலைப்' படங்களுக்கு எதிராக எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கொடி பிடித்தார்கள். அவர்களிடம் இருந்தவை 8×10 அங்குல ஃபிலிம் போடும் பெட்டிக் கேமராக்கள். அவ்வளவு பெரிய ஃபிலிமைப் பெரிதாக்காமல் அப்படியே அச்சிடும்போது எஃப் 64-இன் சிதறல் கண்ணுக்குத் தெரியாது. அந்த எண்ணை நம் சென்சாருக்குக் கடன் வாங்கக் கூடாது. அவர்களுக்கும் நாற்பது வருடம் முன்னால், 1889-இல், பீட்டர் ஹென்றி எமர்சன் இதற்கு நேர்மாறாகச் சொன்னார்: மனிதக் கண் ஒரு இடத்தைத்தான் தெளிவாகப் பார்க்கிறது, படமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று. சொன்ன ஒன்றிரண்டு வருடத்தில் தன் கொள்கையைத் தானே கைவிட்டும்விட்டார். ஆழமா, கரைவா என்பது அந்தக் காலத்திலிருந்தே மாறி மாறி வரும் மோஸ்தர். 1941-இன் சிட்டிசன் கேனில் கிரெக் டோலண்ட் முன்னும் பின்னும் தெளியத் தெளிய எடுத்ததைச் சினிமா வகுப்புகளில் இன்றும் காட்டுகிறார்கள். அதில் மருந்துக் கோப்பை முன்னால் பெரிதாகவும் கதவு தூரத்திலும் தெரியும் புகழ்பெற்ற காட்சி ஒரே முறையில் எடுத்ததல்ல, ஃபிலிமைத் திருப்பி ஓட்டி இரண்டு முறை பதிவு செய்தது. மறுகோடியில் 1975-இன் பாரி லிண்டன். நாசாவுக்காகச் செய்த ஸைஸ் 50 மி.மீ. எஃப் 0.7 லென்ஸில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடுத்த காட்சிகள். நடிகர்கள் கொஞ்சம் சாய்ந்தாலும் ஃபோகஸ் போய்விடும் என்பதால் சிலை போல உட்கார வேண்டியிருந்தது. படம் பார்க்கும்போது அந்த அசையாமை பதினெட்டாம் நூற்றாண்டு மரியாதை போலத் தெரிகிறது. பாதி மரியாதை டெப்த்துக்கு.

இன்றைய மோஸ்தர் கரைவு. ஜப்பானியச் சொல்லான பொக்கே, 1997-இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இன்று நம் ஊர்க் கல்யாண ஸ்டூடியோ விளம்பரத்திலும் அது இருக்கிறது. எஃப் 1.4 லென்ஸ் வாங்கியவர் அதை எஃப் 1.4-ஐத் தவிர வேறெதிலும் வைப்பதில்லை, கொடுத்த காசு வீணாகுமே. தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் விரல் தெளிவு, பெண்ணின் முகம் ப்ளர், பின்னால் விளக்குப் பிடிக்கும் நாத்தனார் வெறும் நிறம். ஒரு படம் அப்படி இருந்தால் அழகு. ஆல்பம் முழுக்க அப்படி இருந்தால் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்றே பிறகு தெரியாது.

மேக்ரோவில் இந்தச் சண்டைக்கே இடமில்லை, அங்கே ஆழம் கெஞ்சினாலும் கிடைக்காது. ஒரு எறும்பைச் சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழ வைத்தால், ஃபுல் ஃப்ரேமில் எஃப் 8-க்கு மொத்தத் தெளிவு ஒரு மில்லிமீட்டர். எஃப் 16-க்குப் போனாலும் இரண்டுதான், அதற்குள் ஒளிச்சிதறல் வந்துவிடும். இங்கே டயலைத் தாண்டிய வழிதான் உண்டு. ஃபோகஸை நூல் நூலாக நகர்த்திப் பத்து, இருபது, ஐம்பது படம் எடுத்து, தெளிவான பகுதிகளை மட்டும் சேர்த்து ஒட்டுவது. நிக்கான் டி850 (2017), கேனான் ஆர்பி (2019) போன்ற கேமராக்கள் நகர்த்தி எடுக்கும் வேலையைத் தாமே செய்கின்றன. எறும்பு ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஃபோன் இதற்கு எதிர்ப் பக்கம். அதன் துளை பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து மி.மீ., மறுபடியும் மிளகு. இயற்கையாகவே எல்லாம் தெளிவாக விழும். 2016-இல் ஐஃபோன் 7 பிளஸ் இரண்டு லென்ஸ்களின் பார்வை வித்தியாசத்தை வைத்துத் தூரத்தைக் கணித்து, பின்னணியை மென்பொருளால் கரைத்தது. அடுத்த வருடம் கூகுள் பிக்சல் 2 பின்பக்கம் ஒரே லென்ஸை வைத்துக்கொண்டு அதையே செய்தது. கண்ணாடியின் விளிம்பும், பறக்கும் முடியும், ஜிமிக்கியின் தொங்கட்டானும்தான் இன்னும் மாட்டிக்கொடுக்கின்றன. போலி என்று திட்டுகிறவர்களோடு நான் சேரவில்லை. டோலண்டும்தான் ஃபிலிமைத் திருப்பி ஓட்டினார். ஆனால் ஃபோனின் கரைவை எடுத்த பிறகும் நகர்த்திக் கூட்டிக் குறைக்கலாம் என்பது, யார் முடிவு செய்வது என்ற கேள்வியோடு எப்போது முடிவு செய்வது என்ற கேள்வியையும் சேர்த்துவிட்டது. லென்ஸ் கரைத்ததைப் பிறகு திருப்பிக் கொண்டுவர முடியாது. பெரியப்பாவைப் பொறுத்தவரை அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது மேடை ஏறினால் என் டயல் ஏ-யில் இருக்கும், ஐஎஸ்ஓ ஆட்டோ, ஷட்டர் 1/125-க்குக் கீழே போகாது. ஒற்றை ஆளுக்கு எஃப் 2.8, ஒரு வரிசைக்கு எஃப் 4, இரண்டு வரிசைக்கு எஃப் 5.6 அல்லது 8. இரண்டு வரிசை என்றால் முன்வரிசைக்குக் கொஞ்சம் பின்னால் ஃபோகஸ் வைப்பேன், யாருடைய காதோரமாவது அந்த இடத்தில் இருக்கும். பழைய டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் டெப்த் பிரிவ்யூ பொத்தானை அழுத்தினால் துளை சுருங்கிக் காட்சி இருட்டும், அந்த இருட்டில் பின்வரிசை தெளிவாவது தெரியும். மிரர்லெஸில் அந்தக் கஷ்டமில்லை, இருட்டாமலே காட்டுகிறது. எடுத்த பிறகு பின்திரையில் பின்வரிசைக் கடைசி ஆளின் கண்ணை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்காமல் யாரையும் மேடையை விட்டு இறங்க விடுவதில்லை. "இன்னும் என்னப்பா" என்று சலித்துக்கொள்வார்கள், சலிக்கட்டும்.

சித்தி வீட்டு ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி அச்சடித்து மாற்றினோம். விளக்கு அணைவதற்கு முன்னால் எடுத்த முதல் படம், எஃப் 5.6. அதில் பின்வரிசை நாலு பேரும் மூக்கும் முழியுமாக நிற்கிறார்கள், பெரியப்பாவின் மீசையில் நரை தனித்தனியாகத் தெரிகிறது. மடியில் குழந்தை கண்ணை மூடியிருக்கிறது.